கண்டல்முனைக்கு வெள்ளம் கொண்டுபோன பவுசர்

எந்தப் பிரதேச சபை என்று கேட்காதீர்கள். வன்னியில் ஒரு சபையின் பெயரைச் சொன்னால் மற்றச் சபைகள் தங்களை ஒதுக்கிவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும். களப்புக் கரையோரம் உள்ள ஒரு சபை, அவ்வளவு போதும். அந்தச் சபைக்கு ஒரு கட்டடம், ஒரு தவிசாளர், ஒரு செயலாளர், பின்சக்கரம் கழன்ற ஓர் உழவு இயந்திரம், ஐயாயிரம் லீற்றர் கொள்ளும் ஒரு தண்ணீர்ப் பவுசர் ஆகியன இருந்தன. இவற்றில் நாள் தவறாமல் வேலை செய்தது பவுசர் மட்டும்தான். அதை ஓட்டியவர் மரியநேசன்.

மரியநேசன் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே காரணத்தால் சாரதியாகிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. அதிகம் கதைக்கமாட்டார். அலுவலகத்தில் யார் கதிரையில் இருந்து எதைச் சொன்னாலும் "ஓம் சேர்" என்பார். கதிரையில் யாரும் இல்லாவிட்டாலும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார் என்று அலுவலகத்தில் ஒரு பகிடி உண்டு.

அவருடைய பவுசர் போகும் ஊர்களில் கண்டல்முனை ஒன்று. ஐம்பத்தைந்து வீடுகள், ஓர் அந்தோனியார் கோவில், அதற்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். ஆறேழு வருடமாக ஊர்க் கிணறுகள் எல்லாவற்றிலும் உப்பு ஏறிவிட்டது. கடல் உயர்ந்ததா, மழை குறைந்ததா, இரண்டும் சேர்ந்து சதி செய்தனவா என்பது படித்தவர்கள் தீர்மானிக்கவேண்டிய விடயம். ஊருக்குத் தெரிந்தது சோற்றுக்கு உப்புப் போடத் தேவையில்லை, சவர்க்காரம் நுரைக்காது, குழந்தைக்குக் கொடுத்தால் வயிற்றால் போகும் என்பதுதான். மார்கழியில் இதே ஊர் வெள்ளத்தில் மிதக்கும். அப்போதும் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குப் பவுசர் வரும். அதற்கு முன்பே தெருவோரம் கான்களும் குடங்களும் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றிலும் பெயின்ரால் எழுதிய பெயர் இருக்கும். வீட்டுக்குத் தொண்ணூறு லீற்றர். மரியநேசன் அளந்து ஊற்றியதே இல்லை, கண்ணால் பார்த்து ஊற்றுவார். கடைசி வீட்டுக்கு ஒருநாளும் குறைந்ததில்லை. ஆக்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மீன் கிடைத்த நாளில் ஒரு சரை மீன் சுற்றிக் கொடுப்பார்கள். அலுவலகத்தில் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கி நிற்கிற அந்த மனிதருக்கு இந்த இரண்டு நாட்களும்தான் நெஞ்சு நிமிர்கிற நாட்கள். அதைப் பெருமை என்றே சொல்லலாம், அவருக்கு வேறு பெருமை கிடையாது.

இப்படி இருக்கையில்தான் காலநிலை மாற்றத்துக்கு முகங்கொடுக்க உள்ளூராட்சி மன்றங்களை வலுவூட்டும் செயற்றிட்டம் வந்து இறங்கியது. பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மிடறு தண்ணீர் வேண்டும். அதன் இணைப்பாளர் ஜனகன், முப்பது வயது, மரியாதையான பிள்ளை, பதினொரு பொக்கற் வைத்த மேலங்கி. எந்தப் பொக்கற்றுக்குள்ளும் கெட்ட எண்ணம் இருந்ததாக மரியநேசனுக்குத் தெரியவில்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள பெரிய கரைச்சல்.

முதல் பயிற்சிப் பட்டறை வவுனியாவில் நடந்தது. இருபத்தைந்து பேர் வேண்டும், சபையில் இருபத்துநாலு பேர்தான் தேறினார்கள் என்பதற்காக மரியநேசனையும் வானில் ஏற்றினார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் பூமி சூடாவதைப்பற்றி மூன்று மணிநேரம் படம் காட்டினார்கள். மரியநேசன் குளிர் தாங்காமல் மேசைச் சீலையின் தொங்கலை எடுத்து முழங்காலில் போர்த்திக்கொண்டார்.

"காலநிலை மாற்றத்துக்கு உங்கட சபை இப்ப என்ன செய்யுது?" என்று ஜனகன் கேட்டார்.

தவிசாளர் செல்வநாயகம் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விமலேஸ்வரி கோப்பைப் பார்த்தார். கோப்பு ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்வி அப்படியே நிற்பதைத் தாங்கமுடியாமல் மரியநேசன் எழும்பிவிட்டார்.

"தண்ணி குடுக்கிறம் சேர். செவ்வாயும் வெள்ளியும்."

"நல்லது அண்ணை. ஆனா அது சேவை. நான் கேக்கிறது தயார்நிலை."

"இன்னொரு பவுசர் இருந்தா, சேர், கிழமைக்கு நாலு நாள்—"

ஜனகன் அன்பாகச் சிரித்தார். "அண்ணை, நாங்கள் பொருள் குடுக்கிறேல்லை. இயலளவு விருத்தி செய்யிறம். பவுசர் பழுதாப்போகும். இயலளவு பழுதாகாது."

எல்லோரும் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். மரியநேசனும் எழுதினார். இரவல் பேனா, திருப்பிக் கொடுக்க மறந்துபோனார்.

அதற்குப் பிறகு சபை வலுவடைய ஆரம்பித்தது. ஒரு குழு அமைந்தது, குழுவுக்கு உபகுழு அமைந்தது. அலுவலக வாசலில் காலநிலை மூலை என்று ஒரு பலகையும் அதன்கீழ் ஒரு சாடியும் வைத்தார்கள். சாடியில் செடி பட்டுப்போனது, தண்ணீர் ஊற்ற எந்த உபகுழு என்று தீர்மானமாகவில்லை. சபையின் தயார்நிலை நூற்றுக்கு முப்பத்தெட்டில் இருந்து நூற்றுக்கு எழுபத்தொன்றாக உயர்ந்தது. மிச்சத்துக்கு ஒரு வெள்ள ஒத்திகை நடத்தவேண்டும் என்று வழிகாட்டியில் இருந்தது. கண்டல்முனையைத் தெரிவு செய்தார்கள். ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

ஆவணியில் கச்சான் காற்று களப்பின் சேற்றைக்கூடக் காயவைத்துப் பொடியாக்கிப் பறக்கவிடும். வெள்ள ஒத்திகையை ஏன் மார்கழிக்குக் கிட்ட வைக்கக்கூடாது என்று கூட்டத்தில் விமலேஸ்வரி ஒரு கேள்வி கேட்டார். கேட்டவர் அவர் ஒருவர்தான், அதையும் சொல்லவேண்டும்.

"அது ஏலாது மிஸ்," என்றார் ஜனகன். "அந்த நேரம் ரோட்டில வெள்ளம் நிக்கும். வாகனம் போகாது."

"அதுவும் சரிதான்," என்றார் தவிசாளர்.

வெள்ளிக்கிழமை காலை மரியநேசன் வழக்கம்போலப் பவுசரை நிரப்பிக்கொண்டு பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடி ஒன்பது மணிக்குக் கண்டல்முனைக்கு வந்தார். கான்கள் வழக்கம்போல வரிசையில் நின்றன. ஆனால் ஆக்களைக் காணவில்லை. அவர்கள் கோவிலடியில் பந்தலுக்குக் கீழே செம்மஞ்சள் நிற மேலங்கி போட்டுக்கொண்டு கதிரைகளில் இருந்தார்கள். முன்னால் ஜனகன் கையில் ஒலிபெருக்கியுடன் நின்றார். மேலே ஒரு ட்ரோன் கமெரா இரைந்துகொண்டிருந்தது. நடுத்தர வயதுக்காரர்கள் அது இரைந்த திசையை அடிக்கடி நிமிர்ந்து பார்த்தார்கள். வானத்தில் ஒன்று இரைந்தால் நிமிராமல் இருக்க அவர்கள் இன்னும் பழகவில்லை.

"அவசர நேரத்தில முதல்ல செய்யவேண்டியது என்ன?" என்று ஜனகன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். "பதற்றப்படக்கூடாது. ரெண்டாவது, முக்கிய ஆவணங்களை எடுக்கவேணும். இதுக்கு முன்னம் வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஓடின ஆக்கள் இருந்தால் கையை உயர்த்துங்கோ."

எல்லோரும் கையை உயர்த்தினார்கள்.

"எத்தனை தரம் அம்மா?" என்று முன்வரிசையில் இருந்த இராசாத்தியிடம் கேட்டார். இராசாத்திக்கு அறுபதைத் தாண்டிய வயது. களப்பில் இறால் பிடித்து ஒரு மகளை வளர்த்தவர்.

"எண்ணேல்லைத் தம்பி. பன்ரெண்டு மட்டும் எண்ணினனாங்கள். பிறகு விட்டிட்டம்."

"சரி. அதுக்கு ஏதேனும் முறையான பயிற்சி எடுத்தனீங்களோ?"

இராசாத்தி யோசித்துப் பார்த்தார். "இல்லைத் தம்பி."

ஜனகன் படிவத்தில் 'முன்னனுபவம்: இல்லை' என்று எழுதினார்.

பாடம் முடிந்ததும் அவர் மரியநேசனிடம் ஓடி வந்தார். "அண்ணை, சரியான நேரத்துக்கு வந்திட்டியள். உந்தக் கானுகளை ஒருக்கா மறைவில எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, கமெராவில விழுகுது. பிறகு தண்ணியை அந்தத் தாழ்வுக்குள்ள விடுங்கோ."

கோவிலுக்கு முன்னால் தெரு ஓர் இடத்தில் தாழ்ந்து போகும். மார்கழி வெள்ளம் அந்த இடத்தில்தான் முதலில் ஏறும்.

"எந்தத் தண்ணியை, சேர்?"

"உங்கட பவுசரில இருக்கிறதை. வெள்ளம் இல்லாம வெள்ள ஒத்திகை எடுத்தா வீடியோவில என்ன தெரியும்? கணுக்காலளவுக்கெண்டாலும் நிக்கவேணும்."

மரியநேசனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. "சேர், இது குடிக்கிற தண்ணி."

"தெரியும் அண்ணை. அதுதான் விசேசம். ஊத்தைத் தண்ணியில ஆக்களை இறக்கினா வருத்தம் வரும், எங்கட பாதுகாப்பு வழிகாட்டியில அதுக்கு இடமில்லை."

மரியநேசன் பந்தலடியில் தவிசாளரோடு நின்ற விமலேஸ்வரியைப் பார்த்தார். "மிஸ், இண்டைக்கு இவையளின்ர தண்ணி நாள்."

விமலேஸ்வரியின் முகம் வாடியது. "தவிசாளர் ஓம் எண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை," என்றார்.

"செயலாளர் ஆட்சேபிக்கேல்லை எண்டால் எனக்கும் ஓம்தான்," என்றார் தவிசாளர்.

இரண்டு பேரும் மற்றவர் வாயிலிருந்து ஓர் 'இல்லை' வரும் என்று காத்திருந்தார்கள். அது வரவில்லை. பிறகு மூன்று பேருமாக மரியநேசனைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். மரியநேசனுக்கு நிரந்தர நியமனம் கிடைத்துப் பத்து வருடமாகிவிட்டது. ஏலாது என்று சொல்லியிருந்தால் யாரும் அவரை வேலையால் நிற்பாட்டியிருக்க முடியாது. வீட்டில் கடன் இல்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் தொழிலில் இருக்கிறார்கள். பயப்பட ஒரு நல்ல காரணம் இருந்திருந்தால் பின்னால் அதைச் சொல்லியாவது ஆறியிருக்கலாம். அந்த மனிதருக்கு அதுவும் இல்லை. அவர் "ஓம் சேர்" என்றார், பவுசரைப் பின்பக்கமாக எடுத்தார், வால்வைத் திறந்தார்.

ஐயாயிரம் லீற்றரும் இருபது நிமிடத்தில் தாழ்வுக்குள் இறங்கின. இறங்கின அளவுக்குக் காணாமலும் போயின. எட்டு மாதமாக மழையைக் காணாத மணல் அது. கடைசிச் சொட்டு விழுந்தபோது அங்கே ஈரமான நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அதில் ஒரு கோழி வந்து கிளறியது.

"வெள்ளம் நிக்கேல்லை," என்று தவிசாளர் கவலைப்பட்டார்.

"அடியில தறப்பாள் விரிச்சா நிக்கும்," என்று யாரோ சொன்னார்கள். கண்டல்முனையில் தறப்பாள் இல்லாத வீடு இல்லை. முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் கூரையாக இருந்தவை. பிறகு வீட்டுத்திட்டம் கிடைத்தபோது கருவாடு காயவிடப் பயன்பட்டன. பதினாலு தறப்பாள்கள் வந்தன. தாழ்வில் விரித்து ஓரத்தில் மண்மூட்டை அடுக்கினார்கள். ஊரே குனிந்து நின்று வேலை செய்தது. தங்களுடைய தண்ணீர் எங்கே போனது என்று எவரும் கேட்கவில்லை. அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், சாப்பாட்டுப் பொதி உண்டு, இதெல்லாம் முடிந்ததும் பவுசர் எப்படியும் தங்களுக்குத் தண்ணீர் தரும் என்று அவர்கள் நம்பினார்கள். மரியநேசன் நிற்கும்போது அப்படி நம்பாமல் விட அவர்களுக்குக் காரணமும் இல்லை.

அவர் போய் இரண்டாவது தடவை நிரப்பிக்கொண்டு வந்தார். போக வரப் பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு கிலோமீற்றர். நாளொன்றுக்கு இரண்டு ஓட்டத்துக்குமேல் டீசல் கிடையாது, ஆகவே இதுதான் கடைசி. வரும் வழியில், நேரே போய்க் கான்களுக்குள் விட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை யாராவது கண்டுவிட்டார்களோ என்பதுபோல் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தறப்பாளில்தான் விட்டார்.

இந்தமுறை வெள்ளம் நின்றது. கணுக்காலுக்குச் சற்று மேலே, நீலத் தறப்பாளின் நிறத்தில், நல்ல வடிவான வெள்ளம். தவிசாளர் செல்வநாயகத்துக்கு அதைப் பார்த்ததும் பேச்சு வந்துவிட்டது. ஒலிபெருக்கியை வாங்கினார்.

"அன்பான கண்டல்முனை மக்களே! போன மார்கழியில வந்த வெள்ளத்துக்கு எங்களால நேரத்துக்கு வந்து சேர முடியேல்லை. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. ஆனா இந்த வெள்ளத்துக்குச் சபை முழுமையா வந்திருக்குது. வெள்ளத்துக்கு முதலே வந்திட்டம். இதுதான் முன்னேற்றம். இனிமேல் வெள்ளம் வாறதெண்டால் எங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வரவேணும்!"

கைதட்டினார்கள். கோவில் மணி அடித்தது. அதுதான் அபாய அறிவிப்பு.

மணி அடித்து நாலு நிமிடத்தில் ஊர் காலியாகிவிட்டது. அடையாள அட்டையும் காணி உறுதியும் வைத்த பை, ஒரு சருவம், கொஞ்ச அரிசி, தோளில் குழந்தை, சைக்கிளில் வயோதிபர். ஒருவரையொருவர் கூப்பிடாமல், ஒன்றையும் கேட்காமல், அழாமல் போனார்கள். மண்டபத்தில் நிற்கவேண்டியவர்கள் மண்டபத்தைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, பிரதான வீதிக்கே போய்விட்டார்கள். ட்ரோனை எழுப்பிக்கொண்டிருந்த பொடியன் அதை எழுப்பி முடிக்கும்போது கீழே நாய்கள்தான் நின்றன. மரியநேசன் பவுசரை எடுத்துக்கொண்டு போய் ஊரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நல்ல வடிவாச் செய்தியள்," என்றார் ஜனகன், மூச்சு வாங்க. "ஆனா கொஞ்சம் மெதுவா ஓடவேணும். வெள்ளத்துக்குள்ளால வரவேணும். முகத்தில பயம் தெரியவேணும். இப்ப ஓடினதில ஒருத்தற்ற முகத்திலயும் பயம் தெரியேல்லை."

இரண்டாவது தடவை மணி அடித்தது. மெதுவாக ஓடி வந்தவர்கள் வெள்ளத்துக்குள் கால் வைத்தார்கள். வைத்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அது நல்ல தண்ணீர் என்று காலுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு பெண் சருவத்தைத் தாழ்த்தி அள்ளினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு அடையாள அட்டைப் பைகளை வாயில் கவ்விக்கொண்டு ஊரே குனிந்து அள்ளத் தொடங்கிவிட்டது. சிலர் மறைவில் வைத்த கான்களை எடுக்க ஓடினார்கள்.

"வெள்ளத்தை அள்ளவேண்டாம்!" என்று ஜனகன் ஒலிபெருக்கியில் கத்தினார். "தயவுசெய்து வெள்ளத்தை அள்ளவேண்டாம்! வெள்ளம் குறையுது!"

ஒரு செம்மஞ்சள் மேலங்கியை எடுத்து மரியநேசனின் கழுத்தில் மாட்டினார். முதுகில் 'பாதுகாப்பு அலுவலர்' என்று எழுதியிருந்தது. "அண்ணை, உங்கட சொல்லை இவை கேப்பினம். ஒருத்தரையும் அள்ள விடாதேங்கோ. ஒரு அரை மணித்தியாலம்."

இப்படித்தான் கண்டல்முனைக்கு ஆறு வருடமாகத் தண்ணீர் கொண்டுவந்த மனிதர், கண்டல்முனை தண்ணீர் அள்ளிவிடாமல் கையை விரித்துக் காவல் நின்றார். அள்ளியவர்கள் அவரைக் கண்டதும் கையிலிருந்ததைத் திரும்ப ஊற்றிவிட்டு விலகினார்கள். சண்டை பிடித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

இராசாத்தி மட்டும் ஒரு குடத்தோடு கிட்ட வந்தார். "தம்பி, ஒரேயொரு குடம். பிள்ளைப்பெத்த வீடு. கம்சாவுக்குக் குடிக்க ஒரு சொட்டும் இல்லை."

கம்சா அவருடைய மகள். குழந்தை பிறந்து பத்தொன்பது நாள். மரியநேசனுக்கு அது தெரியும். செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு ஒரு கான் கூட விட்டவர் அவர்தான்.

"தள்ளி நில்லுங்கோ அக்கா. கமெரா," என்றார்.

சொன்ன பிறகுதான் அது தன்னுடைய குரல் என்று அவருக்கு விளங்கியது. இராசாத்தி குடத்தை இடுப்பில் இருந்து இறக்காமலே தள்ளி நின்றார்.

மூன்றாவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முகத்தில் பயம் தெரிந்தது. படம் எடுத்து முடிந்ததும் மரியநேசன் மேலங்கியைக் கழற்றப் போனார். "இனி எடுக்கட்டோ சேர்? கால் வைச்ச தண்ணிதான், வடிச்சுக் கொதிக்க வைச்சா—"

"அது சரிவராது அண்ணை," என்றார் ஜனகன். அவருக்கும் உண்மையிலேயே கவலையாகத்தான் இருந்தது. "கால் பட்ட தண்ணியைக் குடிக்கக் குடுத்தா வருத்தம் வந்து எங்கட தலையில விழும். அப்பிடியே விட்டாலும் நுளம்பு பெருகும், டெங்கு வரும். பாவிச்ச வெள்ளத்தை உடனடியா அப்புறப்படுத்தவேணும் எண்டு எழுதிக் கிடக்கு."

மண்மூட்டைகளை இழுத்தார்கள். வெள்ளம் ஒருதரம் பளபளத்துவிட்டுக் களப்புப் பக்கமாக ஓடி உப்போடு கலந்தது. பாதிக்கப்பட்ட மக்கள் ஓரமாக நின்று அதைப் பார்த்தார்கள்.

பிறகு மண்டபத்தில் நிவாரணம். வீட்டுக்கு ஒருவராக ஐம்பத்தைந்து பேர் வரிசையில் வந்தார்கள். நீல மூடி போட்ட அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்று, அதில் செயற்றிட்டத்தின் பெயர் ஒட்டியிருந்தது. தவிசாளர் கொடுக்க, அவர்கள் வாங்க, கமெரா பளிச்சிட்டது. எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் ஜனகன் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"போத்தலை ஒருத்தரும் திறக்கவேண்டாம். இது ஒத்திகைக்கான நிவாரணம். வாற செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊரில இதே நிகழ்ச்சி இருக்கு, அங்கயும் இதே போத்தல்தான். உண்மையான வெள்ளம் வரேக்க உங்களுக்கு உண்மையான நிவாரணம் கிடைக்கும்."

சேகரிக்கிற பெட்டியைப் 'பாதுகாப்பு அலுவலர்' மேலங்கி போட்ட ஆளிடம்தான் கொடுத்தார்கள். மரியநேசன் கதிரை கதிரையாகப் போனார். ஒவ்வொருவராகப் போத்தலைப் பெட்டிக்குள் வைத்தார்கள். சிலர் வைக்கும்போது போத்தலைச் சீலையால் துடைத்தும் வைத்தார்கள். எண்ணிப் பார்த்ததில் ஐம்பத்துநாலு.

"ஒண்டு குறையுது," என்றார் ஜனகன். கோபமில்லாமல்தான் சொன்னார். "அங்க ஐம்பத்தைஞ்சு பயனாளிகள். ஒராளுக்குக் குடுக்காமல் படம் எடுக்கேலாது. ஆரும் மறந்து கொண்டுபோகாதேங்கோ. கதவை ஒருக்காச் சாத்துங்கோ."

யாரோ கதவைச் சாத்தினார்கள். குழந்தை ஒன்று சிணுங்கியது. ஜனகன் மரியநேசனின் தோளில் கை வைத்து மெல்லிய குரலில் கேட்டார்:

"உங்களுக்கு ஆக்களைத் தெரியும்தானே அண்ணை. ஆரிட்ட இருக்கும்?"

மரியநேசனுக்குத் தெரியும். இரண்டாவது வரிசையில், சீலை மடிப்புக்குள், நீல மூடி ஒன்றைக் கொஞ்சம் முதல் அவர் கண்டிருந்தார். தெரியாது சேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய மனிதர். வாய் ஒன்றும் சொல்லவில்லை, கண் போய்விட்டது.

ஜனகனின் கண்ணும் பின்னால் போனது. தவிசாளரின் கண்ணும் போனது. பிறகு மண்டபத்தில் இருந்த எல்லோரும் இராசாத்தியைப் பார்த்தார்கள்.

இராசாத்தி எழும்பினார். மடியிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு மரியநேசனுக்கு முன்னால் வந்தார். அவரிடம்தான் சொன்னார், அதிகாரிகளிடம் அல்ல.

"மறந்துபோய் மடியில வைச்சிட்டன் தம்பி."

"பரவாயில்லை அம்மா," என்று ஜனகன் குனிந்து ஆறுதல் சொன்னார். "பதற்றத்தில இப்பிடி நடக்கிறதுதான்." பிறகு கொப்பியைத் திறந்து, 'கற்றுக்கொண்ட பாடம்: அனர்த்த வேளையில் நிவாரணப் பொருட்களை மக்கள் பதுக்கக்கூடும், விழிப்புணர்வு தேவை' என்று எழுதினார். விமலேஸ்வரி அதைப் படித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் சான்றிதழ்கள். குறித்த நேரத்தில் வெள்ளத்தை வழங்கி ஒத்திகை சிறக்க உழைத்தமைக்காக என்று வாசித்து மரியநேசனையும் மேடைக்கு அழைத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ். ஊர் கைதட்டியது. இராசாத்தியும் கைதட்டினார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தபடியால் நன்றாகவே தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் மரியநேசன் பவுசரில் ஏறி இருந்தார். இராசாத்தி கதவடிக்கு வந்தார். பின்னால் கான்கள் இன்னும் மறைவில்தான் கிடந்தன.

"செவ்வாய்க்கிழமை வருவியளோ தம்பி?"

செவ்வாய்க்கிழமை பவுசர் எந்த ஊரில், எந்தத் தறப்பாளில் ஊற்றும் என்று சற்று முன்னர்தான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவருக்கும் தெரியும், இராசாத்திக்கும் தெரியும்.

"ஓம் அக்கா," என்றார்.

"சரி. பாத்துப் போங்கோ. நீங்களும் விடியவிருந்து ஒண்டும் குடிக்கேல்லை, முகம் வாடிப்போச்சு."

வெறும் பவுசர் குழிகளில் விழுந்தெழும்பிப் பெரிய சத்தத்தோடு ஓடியது. சான்றிதழ் பக்கத்துச் சீற்றில் கிடந்து கிலுகிலுத்தது. மரியநேசன் அதை முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்தார். அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அழத் தனக்கு என்ன உரிமை என்று ஒரு கோபமும் வந்தது. அவருக்குத் திட்டவேண்டியிருந்தது. ஜனகனைத் திட்டிப் பார்த்தார். அந்தப் பிள்ளை நாள் முழுக்க ஒரு கெட்ட வார்த்தை கதைக்கவில்லை. தவிசாளரைத் திட்டிப் பார்த்தார், அதுவும் ஒட்டவில்லை. நீல மூடியைக் கண்டது அவர்கள் இல்லை.

பதினாறாவது கிலோமீற்றரில், பனங்கூடல் தாண்டும் இடத்தில், அந்த வசனம் அவருக்கு வந்தது. அவ்வளவு சின்ன வசனம். மண்டபத்தில் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. பவுசரை ஓரமாக நிற்பாட்டினார். எஞ்சினை நிறுத்தினார். தெருவில் ஒருவரும் இல்லை. நிமிர்ந்து இருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"சேர், அந்தப் போத்தலை நான்தான் குடிச்சனான்."

நன்றாகத்தான் வந்தது. குரல்கூட நடுங்கவில்லை.